வேலை முடிஞ்சு வெளியே போகும்போது மட்டும் கிராஷ்: லிப்ராடோஸ், குளோபல் ஆப்ஜெக்ட், யார் முதல்ல சாகணும்?

நள்ளிரவுபேஜர் | திங்கள், இரவு 11.40

மூணு வாரமா ஒரே தலைவலி மக்களே. செஃப் கிளஸ்டர்ல (பல சர்வர் சேர்ந்து டேட்டாவைச் சேமிக்கிற ஸ்டோரேஜ்) இருக்கிற ஆர்பிடி இமேஜ்களை, அதாவது விர்ச்சுவல் டிஸ்க்குகளை, பேக்கப் எடுக்க எங்க டீம்ல ஒரு ஏஜென்ட் எழுதியிருக்கோம். சி++ல, செஃபோட பேசற லிப்ராடோஸ், லிப்ஆர்பிடி லைப்ரரிகளை வெச்சு. வேலையெல்லாம் ஒழுங்கா செய்யுது. டிஃப் எடுக்குது, அனுப்புது, லாக்ல "முடிந்தது"ன்னு எழுதுது. அப்புறம் மெயின்ல இருந்து ரிட்டர்ன் ஆகும்போது செக்ஃபால்ட் (தொடக் கூடாத மெமரியைத் தொட்டு கிராஷ்). எப்பவும் இல்ல, பத்துக்கு ரெண்டு மூணு தடவை.

"வேலைதான் முடிஞ்சுதே, விடு"ன்னார் மேனேஜர். நானும் விட்டேன். போன வாரம் இன்னொரு டீமோட ஸ்கிரிப்ட் அதே இமேஜை அழிக்கப் போயிருக்கு. இமேஜுக்கு இன்னும் வாட்சர் இருக்கு, யாரோ திறந்து வெச்சிருக்காங்க, இல்லைன்னா கிளையன்ட் கிராஷ் ஆயிருக்கும், 30 செகண்ட் பொறுத்துப் பாருன்னு எர்ரர். அவங்க ஸ்கிரிப்டுக்குப் பொறுமை கிடையாது, ஃபெயில் ஆயிடுச்சு. பேஜர் அடிச்சது எனக்கு. ராத்திரி ரெண்டு மணி.

கோடு எப்படின்னா: கிளஸ்டர் கனெக்‌ஷனுக்கு ஒரு சிங்கிள்டன் (புரோகிராம் முழுக்க ஒரே ஒரு ஆப்ஜெக்ட்). ஒரு ஃபங்ஷனுக்குள்ள ஸ்டாட்டிக் வேரியபிள், முதல் தடவை கூப்பிடும்போது கனெக்ட் ஆகும், டிஸ்ட்ரக்டர்ல (ஆப்ஜெக்ட் அழியும்போது ஓடற கோடு) ராடோஸ் ஷட்டவுன். திறந்த இமேஜ்கள் ஒரு குளோபல் மேப்ல இருக்கும், அது வேற ஃபைல். திரும்பத் திரும்பத் திறக்க வேணாமேன்னு அஞ்சு நிமிஷம் வரைக்கும் மூடாம அதுலயே வெச்சிருப்போம். இது போக ஒரு திரெட் பூல், காத்திருக்காம அனுப்பற ஏசிங்க் ரீடுக்கு, பதில் வந்ததும் ஓடற கால்பேக்.

பேக்ட்ரேஸ்ல (கிராஷ் ஆனப்போ எது எதைக் கூப்பிட்டதுன்னு காட்டற பட்டியல்) கீழே எக்ஸிட், அதுக்கு மேல எங்க மேப்போட டிஸ்ட்ரக்டர், அதுக்கு மேல ஆர்பிடி குளோஸ், அதுக்கு மேல எனக்குப் புரியாத ஏதோ. இது செஃப் பக்கத்துப் பிழையா, எங்க பக்கமா?

---

செக்ஃபால்ட்சித்தர் | திங்கள், நள்ளிரவு 12.15

உங்க பக்கம்தான் தம்பி. பேக்ட்ரேஸிலேயே விடை இருக்கு.

சி++ல ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட்கள் எந்த வரிசையில் கட்டி முடிக்கப்பட்டதோ, அதுக்கு நேர் தலைகீழா இடிக்கப்படும். உங்க மேப் ஃபைல் ஸ்கோப்பில் இருக்கு, மெயின் ஓடறதுக்கு முன்னாடியே பிறந்தாச்சு. கிளஸ்டர் சிங்கிள்டன் பிறக்கிறது மெயினுக்குள்ளே, முதல் கூப்பாட்டில். கடைசியில் பிறந்ததால் முதலில் சாகிறது கிளஸ்டர். ராடோஸ் ஷட்டவுன் போயாச்சு, உள்ளே இருந்த கிளையன்ட் ஆப்ஜெக்ட் டிலீட் ஆயாச்சு. அப்புறம் ஆற அமர மேப் சாகிறது, தன் கையில் இருக்கும் இமேஜ்களை மூடப் பார்க்கிறது. மூடறதுக்கு டேட்டாவை வெச்சிருக்கிற செஃப் சர்வரான ஓஎஸ்டியோட பேசணும், வாட்சை எடுக்கணும். பேச ஆள் ஏது? வேரை வெட்டிட்டு இலையைப் பறிக்கப் போறீங்க.

"பத்துக்கு ரெண்டு மூணு"க்கும் இதே காரணம்தான். புரோகிராம் முடியும்போது அந்த அஞ்சு நிமிஷக் கெடு தாண்டி மேப் காலியா இருந்தா, டிஸ்ட்ரக்டருக்கு வேலை இல்லை. ஒரு இமேஜாவது மிச்சம் இருந்தா வெடிக்கும். கடைசியா பேக்கப் எடுத்த இமேஜ் சின்னதா இருந்து உடனே முடிஞ்ச நாட்களில்தான் கிராஷ் ஆகுதான்னு லாக்கைப் பாருங்க.

---

நள்ளிரவுபேஜர் | திங்கள், நள்ளிரவு 12.31

பார்த்துட்டேன் அண்ணே. ஆமா. எல்லாக் கிராஷும் சின்ன இமேஜ்ல முடிஞ்ச ரன்தான். மூணு வாரம்!

---

மொட்டைமாடி | செவ்வாய், காலை 8.05

இதுக்கு ஏன் இவ்ளோ யோசனை? மெயின் கடைசி வரியில ரிட்டர்னுக்குப் பதிலா அண்டர்ஸ்கோர் எக்ஸிட் போடுங்க பாஸ். ஸ்டாட்டிக் டிஸ்ட்ரக்டர் எதுவும் ஓடாது. மெமரியைக் கெர்னல் வாங்கிக்கும், சாக்கெட்டை மூடிக்கும். கூகுளோட சி++ ஸ்டைல் கைடே டிஸ்ட்ரக்டர் வேலை செய்யற ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட் வேணாம்னுதான் சொல்லுது. நியூ போட்டு ஒரு ரெஃபரன்ஸ்ல வெச்சு அப்படியே லீக் விடறது தப்பே இல்ல. நானெல்லாம் அஞ்சு வருஷமா அப்படித்தான்.

---

பழையகணக்கு | செவ்வாய், காலை 9.20

மொட்டைமாடி சொல்வது பாதி சரி. அந்தப் பாதி மெமரிக்கு மட்டும்தான்.

ஒரு ஜேசான் பார்சரை மூடாமல் செத்துப்போனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஸ்டோரேஜ் கிளையன்ட் அப்படி இல்லை. அதற்கு வெளியூரில் கணக்கு இருக்கிறது. ஓஎஸ்டியில் உங்கள் பேரில் ஒரு வாட்ச் பதிவாகியிருக்கும். எக்ஸ்க்ளூசிவ் லாக் (வேறு யாரும் எழுதாதபடி போடும் பூட்டு) வைத்திருந்தால் அதுவும் உங்கள் பேரில் நிற்கும். அனுப்பிவிட்டுப் பதில் வராத எழுத்துகள் வரிசையில் இருக்கும். சாக்கெட்டைக் கெர்னல் மூடினால் எதிர்முனைக்குத் தெரிவது "ஆள் காணோம்" என்பது மட்டும்தான். திரும்பி வருவாரோ என்று அது காத்திருக்கும். அந்த 30 செகண்ட் அதுதான், ஓஎஸ்டியின் வாட்ச் டைம்அவுட். அண்டர்ஸ்கோர் எக்ஸிட் போட்டால் செக்ஃபால்ட் மறையும், ராத்திரி ரெண்டு மணிப் பேஜர் மறையாது.

இன்னொன்று. ஷட்டவுன் கூப்பிட்டாலே எல்லாம் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். லிப்ராடோஸ் ஹெடர் ஃபைலிலேயே எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள்: ஏசிங்க் எழுத்துகள் முடிந்ததற்கு ராடோஸ் ஷட்டவுன் உத்தரவாதம் தராது, திறந்திருக்கும் ஒவ்வொரு ஐஓகான்டெக்ஸ்டுக்கும் (படிக்க, எழுதப் பயன்படும் ஹேண்டில்) ஏஐஓ ஃப்ளஷ் (நிலுவை எழுத்துகள் முடியும் வரை காத்திருப்பது) நீங்கள் கூப்பிட வேண்டும். ஐஓகான்டெக்ஸ்ட் டெஸ்ட்ராய்க்கு மேலேயும் இதே எச்சரிக்கை. "எனக்கு இது இனி வேண்டாம்" என்று சொல்வது மட்டும்தான் அந்த டெஸ்ட்ராய். நிலுவையில் வேலை இருந்தால் உடனே ஃப்ரீ ஆகாமலும் போகலாம். ஆனால் அதற்கப்புறம் நீங்கள் அதைத் தொடக் கூடாது. பெயரில் அழிப்பு இருக்கிறது, செயலில் கைகழுவல்தான்.

ஆக, முதலில் புது வேலை வாங்குவதை நிறுத்துங்கள். பிறகு ஃப்ளஷ், இமேஜ் குளோஸ், ஐஓகான்டெக்ஸ்ட் டெஸ்ட்ராய், கடைசியில் ஷட்டவுன். மெயினுக்குள்ளே, உங்கள் கண் முன்னால். அதெல்லாம் ஆன பிறகு அண்டர்ஸ்கோர் எக்ஸிட் போட்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

---

நள்ளிரவுபேஜர் | செவ்வாய், காலை 10.02

அக்கா, வரிசை புரிஞ்சுது. ஆனா அடிப்படையில ஒரு சந்தேகம். செஃப் டீமன்கள் (பின்னணியில ஓடற சர்வர் புரோகிராம்கள்) கோடுல ஜி செஃப் கான்டெக்ஸ்ட்னு ஒரு குளோபல் இருக்கே. ஓஎஸ்டி, மானிட்டர் எல்லாம் அதைத்தான் எங்க வேணா தொடுது. அவங்க குளோபல் வெச்சா சரி, நாங்க வெச்சா தப்பா? கான்டெக்ஸ்டை ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் கையில கொடுத்து அனுப்பறது எரிச்சலா இருக்கு.

---

செக்ஃபால்ட்சித்தர் | செவ்வாய், மதியம் 1.10

நல்ல கேள்வி. சாப்பிட்டுட்டு உட்கார்ந்திருக்கேன், கொஞ்சம் நீளமா எழுதறேன்.

டீமன்னா அந்தப் புராசஸே அதோட சொந்த வீடு. ஒரு ஓஎஸ்டி, ஒரு கான்ஃபிக், ஒரு லாக் ஃபைல். அங்கே குளோபல் வெச்சா யாரும் கேட்க மாட்டாங்க. லைப்ரரி வாடகைக்குக் குடியிருக்கு. வீட்டுக்காரர் விர்ச்சுவல் மெஷின் ஓட்டற கியூஎமுவா இருக்கலாம், பைத்தானா இருக்கலாம், உங்க ஏஜென்டா இருக்கலாம். ஒரே புராசஸ்ல ரெண்டு கிளஸ்டரோட பேசறவங்க உண்டு: ஒரு கிளஸ்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு இமேஜ் நகர்த்தற எந்த டூலும் அப்படித்தான். ரெண்டுக்கும் கீ வேற, மானிட்டர் முகவரி வேற, லாக் லெவல் வேற. குளோபல் ஒண்ணுதான்னா எது ஜெயிக்கும்?

அதனால லிப்ராடோஸ்ல ஒவ்வொரு ராடோஸ் கிரியேட்டுக்கும் தனியா ஒரு செஃப் கான்டெக்ஸ்ட். கான்ஃபிக், லாக், பெர்ஃப் கவுன்டர், அட்மின் சாக்கெட் எல்லாம் அதுக்குள்ளே. ரெஃபரன்ஸ் கவுன்ட் உண்டு: கெட், புட். டீமனுக்கும் லைப்ரரிக்கும் பொதுவான கோடுல யாராவது பழக்க தோஷத்தில் ஜி கான்ஃப்னு எழுதிட்டா, டீமன்ல பிரமாதமா ஓடும், கிளையன்ட்ல நல் பாயின்டர். டெஸ்ட் எல்லாம் டீமன் பக்கமே ஓடினா யாருக்கும் தெரியாது.

கான்டெக்ஸ்ட் பல இருக்குங்கிறதுக்கு அடையாளம் உங்க கான்ஃபிக் ஃபைலிலேயே கிடைக்கும். கிளையன்டுக்கு அட்மின் சாக்கெட் பாதையை எப்படி எழுதச் சொல்றாங்க? கிளஸ்டர் பேர், டைப், ஐடி, பிஐடி (புராசஸ் எண்), அதுக்கப்புறம் சிசிடிஐடின்னு (கான்டெக்ஸ்ட் அடையாளம்) ஒண்ணு. பிஐடி போட்டாச்சே, இன்னும் எதுக்கு? ஒரே பிஐடிக்குள்ளே நாலு கான்டெக்ஸ்ட் இருந்தா நாலும் ஒரே சாக்கெட் ஃபைலுக்கு அடிச்சுக்கும். வார் ரன் செஃப் டைரக்டரியில் எல்எஸ் போட்டா ஒரே பிஐடிக்கு நீள நம்பர் மட்டும் மாறி வரிசையா நிக்கும்.

அதுக்கு விலையும் உண்டு. கியூஎமுல ஒவ்வொரு ஆர்பிடி டிஸ்க்கும் தனித்தனியா கிளஸ்டர் ஹேண்டில் திறக்குது. ஒரு விஎம்ல பத்து டிஸ்க்னா பத்து கான்டெக்ஸ்ட், பத்து செட் கனெக்‌ஷன், பத்து செட் திரெட். பழைய சிம்பிள் மெசஞ்சர் (செஃப்ல நெட்வொர்க்ல பேசற பகுதி) காலத்துல ஒரு கனெக்‌ஷனுக்கு ரெண்டு திரெட், படிக்க ஒண்ணு எழுத ஒண்ணு. ஒரு டிஸ்க் 100 ஓஎஸ்டியோட பேசினா 200 திரெட். பத்து டிஸ்க்குக்கு நீங்களே பெருக்கிக்கோங்க. 2017ல் செஃபோட லூமினஸ் வெர்ஷன் வந்தபோது அசிங்க் மெசஞ்சர்தான் டிஃபால்ட், கான்டெக்ஸ்டுக்கு 3 மெசஞ்சர் திரெட்னு அடங்கிச்சு.

அடங்கினது எப்படின்னு பார்த்தா உங்க எரிச்சலுக்கும் பதில் கிடைக்கும். பொதுவா ஒண்ணு போதும்ங்கிற திரெட் பூல் மாதிரி சமாச்சாரங்களை அவங்க புராசஸ் குளோபலா வைக்கலை. கான்டெக்ஸ்ட் உள்ளேயே பேர் வெச்சு, "இருந்தா எடு, இல்லைன்னா உருவாக்கு"ன்னு ஒரு மேப். அந்தக் கான்டெக்ஸ்டுக்குள்ளே அது சிங்கிள்டன். கான்டெக்ஸ்ட் சாகும்போது அதுவும் கூடவே. பங்கு போட்டுக்கலாம், ஆனா யார் குடும்பத்துச் சொத்துன்னு பத்திரம் இருக்கு.

---

தயிர்சாதம் | செவ்வாய், மதியம் 1.44

சாப்பிட்டுட்டு எழுதறதுன்னா இப்படித்தான் எழுதணும். 👏

அப்போ புராசஸ் குளோபலே இல்லாம செஃப் கிளையன்ட் கோடு இருக்கா?

---

செக்ஃபால்ட்சித்தர் | செவ்வாய், மதியம் 2.30

எங்கே! சிலது இயற்கையிலேயே புராசஸ் முழுக்கப் பொதுவானது, தப்பிக்க முடியாது.

லாக்டெப்னு ஒரு டீபக் வசதி, மியூடெக்ஸ் (ஒரு நேரத்துல ஒரு திரெட்டை மட்டும் விடற பூட்டு) வாங்கற வரிசை முறை தவறுதான்னு கண்காணிக்கும். ரெண்டு கான்டெக்ஸ்ட் இருந்தாலும் டெட்லாக் ஒரே புராசஸ்லதானே, அதனால வரிசைக் கணக்கு குளோபல். ஆனா எச்சரிக்கையை லாக்ல எழுத ஒரு கான்டெக்ஸ்ட் வேணுமே? முதல்ல வந்து பதிவு பண்ணிக்கிற கான்டெக்ஸ்டோட பாயின்டரைக் குளோபல்ல வெச்சுக்கும். அந்தக் கான்டெக்ஸ்ட் செத்தா? லாக்டெப் தன்னையே அணைச்சுக்கும், சேர்த்த கணக்கையும் துடைச்சிடும். ரெண்டாவது கான்டெக்ஸ்ட் உயிரோட இருந்தாலும் சரி. அழகில்லைதான், ஆனா நேர்மையானது. செத்துப்போன பாயின்டரைக் கையில வெச்சுக்கிட்டு லாக் எழுதறதை விட மேல்.

கிரிப்டோவும் அப்படி. என்எஸ்எஸ் லைப்ரரியை வெச்சிருந்த பழைய கோடுல ஒரு மியூடெக்ஸ், எத்தனை பேர் இனிட் பண்ணியிருக்காங்கன்னு ஒரு கவுன்ட், கூடவே இனிட் பண்ணின பிஐடி. பிஐடி எதுக்குன்னா ஃபோர்க், அதாவது புராசஸ் தன்னையே நகலெடுத்து குழந்தைப் புராசஸ் உருவாக்கறது. குழந்தைப் புராசஸ்ல கவுன்ட் அப்படியே காப்பியாகி வரும், "ஏற்கெனவே இனிட் ஆயாச்சு"ன்னு பொய் சொல்லும். பிஐடியை ஒப்பிட்டாதான் பொய் தெரியும்.

---

தயிர்சாதம் | செவ்வாய், மாலை 5.15

நான் ஹடூப் (பெரிய டேட்டாவைப் பல மெஷின்ல வெச்சு ஓட்டற ஜாவா சிஸ்டம்) பக்கத்து ஆளு. எங்க ஊர்க் கதை ஒண்ணு சொல்றேன், ஜாவாவுல ஜிசி (வேண்டாத மெமரியைத் தானா விடுவிக்கறது) இருக்கு, இந்தப் பிரச்சினையே வராதுன்னு நினைக்கிறவங்களுக்கு.

ஃபைல்சிஸ்டம் டாட் கெட்னு கூப்பிட்டா புதுசா ஒண்ணு கிடைக்குதுன்னுதான் எல்லாரும் நினைப்போம். கிடைக்காது. உள்ளே ஒரு ஸ்டாட்டிக் கேஷ். ஸ்கீம், அத்தாரிட்டி, யூசர் மூணும் ஒண்ணா இருந்தா எல்லாருக்கும் ஒரே ஆப்ஜெக்ட்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, நல்ல பிள்ளையா ட்ரை வித் ரிசோர்சஸ் போட்டு எழுதினேன். ரிவ்யூல சபாஷ் வேற. பிளாக் முடிஞ்சதும் குளோஸ் ஆச்சு. அதே ஜேவிஎம்ல வேற திரெட்ல பாதி ஃபைல் எழுதிக்கிட்டிருந்த ஒருத்தருக்கு "ஃபைல்சிஸ்டம் குளோஸ்டு"ன்னு ஐஓ எக்ஸப்ஷன். அவர் கோடுல குளோஸ்ங்கிற வார்த்தையே கிடையாது. ரெண்டு நாள் அவர் கோடையே எல்லாரும் உத்து உத்துப் பார்த்தோம். குத்தவாளி நான் பக்கத்து சீட்ல காபி குடிச்சிட்டிருந்தேன்.

தப்பிக்க வழி உண்டு: நியூ இன்ஸ்டன்ஸ்னு தனியா கேட்டு வாங்கலாம், இல்லைன்னா கான்ஃபிக்ல அந்த ஸ்கீமுக்குக் கேஷை அணைக்கலாம். அணைச்சா இன்னொரு வம்பு, யாரும் மூடாம குவியும். கேஷ் இருந்தாலும் குவியற வழி ஒண்ணு இருக்கு. கேஷ் கீயில இருக்கிற யூசர் ஆப்ஜெக்ட் பேரை வெச்சு ஒப்பிடாது, உள்ளே இருக்கிற சப்ஜெக்ட் அதே ஆப்ஜெக்டான்னு பார்க்கும். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ரிமோட் யூசர் புதுசா உருவாக்கினா, பேர் ஒண்ணா இருந்தாலும் கேஷ்ல புது என்ட்ரி. சர்வர் ரெண்டு வாரம் ஓடினதும் ஹீப் நிரம்பும். குளோஸ் ஆல் ஃபார் யூஜிஐன்னு ஒரு மெத்தட் இருக்கிறதே அதுக்குத்தான்.

வெளியே போற வரிசைக் கதையும் இங்கே உண்டு. ஜேவிஎம் ஷட்டவுன் ஹுக்குகள் (வெளியே போகும்போது ஓடற கோடு) எந்த வரிசையும் இல்லாம ஒரே நேரத்துல ஓடும். ஃபைல்சிஸ்டம் தன் ஹுக்ல எல்லாத்தையும் மூடிட்டா, உங்க ஹுக்ல கடைசி லாகை எச்டிஎஃப்எஸ்ல (ஹடூப்போட ஃபைல்சிஸ்டம்) எழுத முடியாது. அதுக்காகவே ஹடூப்ல ஷட்டவுன் ஹுக் மேனேஜர்னு தனியா எழுதி முன்னுரிமை எண் வெச்சாங்க. ஃபைல்சிஸ்டமுக்கு 10. அதை விடப் பெரிய எண் கொடுத்தா உங்க ஹுக் முன்னாடி ஓடும். பழையகணக்கு அக்கா சொன்ன "வெளியூர்க் கணக்கு" இங்கேயும் அப்படியே: மூடாம செத்தா நேம்நோட்ல (ஃபைல் கணக்கை வெச்சிருக்கிற சர்வர்) லீஸ் (எழுதற உரிமை) நிக்கும், சாஃப்ட் லிமிட் 60 செகண்ட்.

---

கிளிமூக்கு | செவ்வாய், இரவு 9.50

எஸ்3 (அமேசானின் ஸ்டோரேஜ் சேவை) ஆட்களும் ஆஜர். ஏடபிள்யூஎஸ் சி++ எஸ்டிகேவில் இனிட் ஏபிஐ, ஷட்டவுன் ஏபிஐ ரெண்டுக்கும் நடுவில் கிளையன்டை ஒரு தனி அடைப்புக்குள் போட்டு எடுத்துக்காட்டு கொடுத்திருப்பார்கள். அந்த வெற்று அடைப்பு எதற்கு என்று நிறைய பேர் அழித்துவிடுவார்கள். அழித்தால் கிளையன்ட் மெயின் முடியும்போது சாகும், அதற்குள் ஷட்டவுன் போயிருக்கும். அப்பாச்சி ஆரோ என்கிற டேட்டா லைப்ரரியில் எஸ்3 இனிட் செய்துவிட்டு ஃபைனலைஸ் கூப்பிடாமல் வெளியேறினால், எக்ஸிட்டில் செக்ஃபால்ட் ஆகலாம் என்று அதுவே எச்சரிக்கை அடிக்கும். நெட்வொர்க் லைப்ரரியான லிப்கர்லின் குளோபல் இனிட் 2022ல் 7.84.0 வரும் வரை திரெட் சேஃப் கிடையாது. அதற்கு முன்னால் ரெண்டு லைப்ரரி தனித்தனி திரெட்டில் அதை இனிட் செய்தால் கடவுள் விட்ட வழி.

என் தினசரி வேலை கோ மொழியும் பைத்தானும். கோ மொழியில் செஃப் பைண்டிங்கின் ஐஓகான்டெக்ஸ்ட் ஸ்ட்ரக்டைத் திறந்து பாருங்கள். உள்ளே கனெக்‌ஷனுக்கு ஒரு ஃபீல்டு. இந்த ஐஓகான்டெக்ஸ்ட் உயிரோடு இருக்கும்போது ஜிசி கனெக்‌ஷனின் ஃபைனலைசரை ஓட்டிவிடக் கூடாது, அதற்காகப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று மேலே கமென்ட். குழந்தை அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி. நள்ளிரவுபேஜர், உங்கள் இமேஜ் ஆப்ஜெக்டில் அப்படி ஒரு பிடி இருக்கிறதா?

பைத்தானில் என் தொல்லை ஃபோர்க். மல்டிபுராசஸிங்கில் பேரன்ட்டில் கனெக்ட் செய்துவிட்டு வொர்க்கர்களை உருவாக்கினால், ஃபோர்க் ஆன குழந்தைக்கு மெமரி முழுசாக வரும், திரெட்களில் ஃபோர்க்கைக் கூப்பிட்டது மட்டும்தான் வரும். மெசஞ்சர் திரெட் ஒன்றும் இருக்காது, ஆனால் ஹேண்டில் "கனெக்ட் ஆகியிருக்கிறேன்" என்று சொல்லும். ரீட் கூப்பிட்டால் பதில் எழுத ஆளில்லை, காலம் பூரா காத்திருக்கும். ஷட்டவுன் கூப்பிட்டாலும் இல்லாத திரெட்டுக்காகத் தொங்கும். 3.12ல் இருந்து பைத்தான் பல திரெட் இருக்கும்போது ஃபோர்க் செய்தால் எச்சரிக்கை தருகிறது, 3.14ல் லினக்ஸின் டிஃபால்டே ஃபோர்க்சர்வர் ஆகிவிட்டது. வொர்க்கருக்குள்ளேயே கனெக்ட் செய்யுங்கள், நிம்மதி.

---

மொட்டைமாடி | புதன், காலை 7.55

சரி, அண்டர்ஸ்கோர் எக்ஸிட் விஷயத்துல தோத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா கிளிமூக்கு சொன்ன முந்தானைதான் நல்ல விடை. கிளஸ்டரை ஷேர்டு பாயின்டர்ல (எத்தனை பேர் பிடிச்சிருக்காங்கன்னு எண்ணி வெச்சுக்கறது) போடுங்க. ஒவ்வொரு இமேஜும், ஒவ்வொரு கால்பேக்கும் ஒரு காப்பி வெச்சுக்கட்டும். கடைசி ஆள் போனதும் கிளஸ்டர் தானா சாகும். வரிசையை மனுஷன் ஞாபகம் வெச்சுக்கவே வேணாம். சிங்கிள்டனையும் தூக்கி எறியலாம். கேஸ் குளோஸ்டு.

---

பழையகணக்கு | புதன், காலை 9.10

குளோஸ் ஆகவில்லை. நானே இதில் ஒரு முறை கை சுட்டுக்கொண்டவள்.

"கடைசி ஆள் போனதும்" என்கிறீர்களே, அந்தக் கடைசி ஆள் யார்? மெயின் திரெட் தன் காப்பியை விட்டுவிட்டது. ஒரு ஏசிங்க் ரீட் மட்டும் பாக்கி. அதன் கால்பேக்கில் ஒரு காப்பி இருக்கிறது. பதில் வருகிறது, கால்பேக் ஓடுகிறது, லாம்ப்டா அழிகிறது, கவுன்ட் பூஜ்யம். டிஸ்ட்ரக்டர் ஓடுகிறது, ராடோஸ் ஷட்டவுன். எந்தத் திரெட்டில்? லிப்ராடோஸின் சொந்தக் கால்பேக் திரெட்டில். ஷட்டவுன் என்ன செய்யும்? அந்தத் திரெட் தன் வேலையை முடிக்கும் வரை காத்திருந்து, அதை நிறுத்தும். தன்னைத்தானே முடியும் வரை காத்திருக்கிற திரெட். தான் உட்கார்ந்த கிளையை வெட்டினவன் கதையாவது கீழே விழுந்து முடியும். இது விழவும் விழாது, அப்படியே தொங்கும்.

மோசமான பகுதி என்னவென்றால், இது அபூர்வமாகத்தான் நடக்கும். பெரும்பாலான நாள் மெயின்தான் கடைசியில் விடும், எல்லாம் சரியாக இருக்கும். லேட்டன்சி ஏறின ஒரு நாள் கால்பேக் பின்தங்கும், புராசஸ் உறைந்துபோகும். செக்ஃபால்டாவது கோர் டம்ப் தரும்.

ஷேர்டு பாயின்டர் வேண்டாம் என்று சொல்லவில்லை. இமேஜ், கிளஸ்டரைப் பிடித்துக்கொள்ளட்டும், அது சரி. ஆனால் ஷட்டவுனை டிஸ்ட்ரக்டரில் ஒளித்து வைக்காதீர்கள். பெயர் சொல்லி, ஒரு திரெட்டில் இருந்து, ஒரு முறை கூப்பிடுங்கள். கால்பேக்குக்குத் தருவதாக இருந்தால் வீக் பாயின்டர் (எண்ணிக்கையில் சேராத பிடி) கொடுங்கள். அதை நிஜப் பிடியாக மாற்றி எடுக்கும் நொடியில் அதுவும் கடைசி ஆளாகலாம் என்பதால், டிஸ்ட்ரக்டரில் கனமான வேலை இருக்கவே கூடாது.

---

மொட்டைமாடி | புதன், காலை 9.25

அக்கா 🙏 எங்க கோடுல இதே மாதிரி ஒண்ணு இருக்கு. இப்பவே போய்ப் பார்க்கறேன். சத்தம் போடாம.

---

நள்ளிரவுபேஜர் | வியாழன், மாலை 6.40

எல்லாருக்கும் நன்றி. செஞ்சது இதுதான்.

குளோபல் மேப், சிங்கிள்டன் ரெண்டும் போயாச்சு. மெயின்ல ஒரு "செஷன்" ஆப்ஜெக்ட். கிளஸ்டர், ஐஓகான்டெக்ஸ்ட், இமேஜ் கேஷ் எல்லாம் அதுக்குள்ளே, இதே வரிசையில. மெம்பர்களும் தலைகீழ் வரிசையிலதான் அழியும், அதனால மறந்தாலும் இமேஜ்தான் முதல்ல போகும். ஆனா மறக்கறதில்லை: ஸ்டாப்னு ஒரு மெத்தட். திரெட் பூலை நிறுத்தி ஜாயின், ஏஐஓ ஃப்ளஷ், இமேஜ் குளோஸ், ஐஓகான்டெக்ஸ்ட், ஷட்டவுன். டிஸ்ட்ரக்டர்ல ஒரே ஒரு வேலை: ஸ்டாப் கூப்பிடாம இங்கே வந்தா அபார்ட் (அங்கேயே நிறுத்திக் கத்தறது). திரெட் பூலுக்கு ரெஃபரன்ஸ் கொடுக்கற இடத்துல கான்டெக்ஸ்டைக் கையில கொடுத்து அனுப்பறது எரிச்சலாத்தான் இருக்கு, ஆனா இப்போ ஒரு ஃபங்ஷனைப் பார்த்தாலே அது கிளஸ்டரைத் தொடுமா தொடாதான்னு தெரியுது.

சின்ன இமேஜ், பெரிய இமேஜ், காலி இமேஜ் எல்லாம் ஓட்டிப் பார்த்தாச்சு. மெமரித் தப்பைப் பிடிக்கிற அட்ரஸ் சானிடைசர்லயும் சுத்தம். ஆனா ஒண்ணு மட்டும் புரியலை. டெப்ளாய்மென்ட் நேரத்துல சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்களைத் தொடங்கி நிறுத்தறது) ஏஜென்டை நிறுத்தும்போது மட்டும் ரெண்டு தடவை கிராஷ். வாட்சரும் நின்னுது.

---

செக்ஃபால்ட்சித்தர் | வியாழன், மாலை 6.52

சிக்டெர்ம் (நிறுத்தச் சொல்லி வர்ற சிக்னல்) ஹேண்ட்லர்ல என்ன எழுதியிருக்கீங்க தம்பி?

---

நள்ளிரவுபேஜர் | வியாழன், மாலை 6.58

லாக் ஒரு வரி. அப்புறம் எக்ஸிட்.

ஓ.

---

செக்ஃபால்ட்சித்தர் | வியாழன், இரவு 7.05

😄 எக்ஸிட் சிக்னல் ஹேண்ட்லர்ல கூப்பிடத் தகுந்தது இல்லை. மெயின் எந்த மியூடெக்ஸைப் பிடிச்சிருக்கும்போது சிக்னல் வந்ததோ யார் கண்டா. அது போக, மத்த திரெட் எல்லாம் ஓடிக்கிட்டே இருக்கும், அடியில ஸ்டாட்டிக் ஆப்ஜெக்ட்களை ஒவ்வொண்ணா உருவிடுவீங்க. லோக்கல் ஆப்ஜெக்டோட டிஸ்ட்ரக்டரை எக்ஸிட் ஓட்டாது, அதனால உங்க அபார்ட் கூட கத்தாது.

திரெட் எதையும் தொடங்கறதுக்கு முன்னாடி, ராடோஸ் கனெக்டுக்கும் முன்னாடி, சிக்டெர்மை பிளாக் பண்ணுங்க. லிப்ராடோஸ் உருவாக்கற திரெட்களும் அந்த மாஸ்கையே வாங்கிக்கும். அப்புறம் மெயின் சிக்வெயிட்ல (சிக்னல் வரும் வரை காத்திருக்கற ஃபங்ஷன்) உட்கார்ந்திருக்கட்டும். வந்ததும் சாதாரணமா திரும்பி வந்து ஸ்டாப்.

---

தயிர்சாதம் | வியாழன், இரவு 7.20

சிஸ்டம்டியில் நிறுத்த எவ்ளோ நேரம் பொறுக்கும்னும் பார்த்துக்கோங்க. ஃப்ளஷ் அதை விட லேட்டானா சிக்கில் (தடுக்க முடியாத, உடனே கொல்ற சிக்னல்) வரும், மறுபடி வாட்சர் நிக்கும்.

---

நள்ளிரவுபேஜர் | வெள்ளி, இரவு 10.15

மாத்தியாச்சு. பெரிய இமேஜ் டிஃப் பாதியில இருக்கும்போது சிஸ்டம்கன்ட்ரோல் ஸ்டாப் அடிச்சேன். நாலு செகண்ட் யோசிச்சுது, போயிடுச்சு. உடனே ஆர்பிடி ஸ்டேட்டஸ்.

வாட்சர்ஸ்: நன் (யாரும் இல்லை).